அடிக்குறிப்பில் தவறிய ஓராண்டு

டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய மாரியம்மன் கோயிலின் பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் பற்றி நான் எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரை, ஆய்விதழுக்கு அனுப்பிய பதினோராம் நாள், மதிப்பீட்டாளர் எவருடைய பார்வைக்கும் செல்லாமலே திரும்பி வந்தது. கட்டுரையின் கருத்தைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அடிக்குறிப்புகளையும் சேர்த்தால் சொல் வரம்பு மீறியிருக்கிறது, மேற்கோள் காட்டும் முறை சீராக இல்லை, எழுதியவர் யார் என்பது கட்டுரைக்குள்ளேயே தெரிகிறது, தமிழ் எழுத்துகள் படிக்க இயலாதபடி உடைந்திருக்கின்றன என்ற நான்கு காரணங்கள் மட்டுமே இருந்தன. மூன்று ஆண்டுகள் சனிக்கிழமைதோறும் அந்தக் கோயிலின் பின்கட்டில் உட்கார்ந்து குறிப்பேடுகளைப் படியெடுத்த எனக்கு அந்தக் கடிதம் மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அதே கட்டுரை திருத்தப்பட்டுப் பதினாறு மாதங்களுக்குப் பின் வேறோர் ஆய்விதழில் வெளிவந்தது. அதற்குள், அந்த நான்கு காரணங்களும் நியாயமானவை என்பதையும், அவர்கள் கண்ணில் படாத ஐந்தாவது தவறு ஒன்று கட்டுரையில் இருந்தது என்பதையும் அறிந்துகொண்டேன். தமிழ் மூலங்களைக் கொண்டு ஆங்கில ஆய்விதழ்களுக்கு எழுத விரும்பும் தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குப் பயன்படும் என்று கருதி அந்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, கட்டுரையை எழுதி முடிக்கும் முன்பே இதழைத் தேர்ந்தெடுப்பது. நம் நாட்டில் உயர்கல்வி மற்றும் பயிற்சித் துறை அங்கீகரித்த ஆய்விதழ்களின் பட்டியல் இருக்கிறது. அவற்றில் வெளிவரும் கட்டுரைகளுக்காக அரசு பல்கலைக்கழகங்களுக்கு மானியம் அளிக்கிறது. எனவே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள் அந்தப் பட்டியலில் இதழின் பெயரும் அதன் பன்னாட்டுத் தொடர் எண்ணும் (ஐஎஸ்எஸ்என்) இருக்கின்றனவா என்று தாமே பார்க்க வேண்டும். மின்னஞ்சலில் தானாக வந்து அழைத்து, இரண்டே வாரத்தில் வெளியிடுவதாகச் சொல்லிக் கட்டணம் கேட்கும் இதழ்களை நம்பி உழைப்பை இழந்தவர்களை நான் அறிவேன். இதழைத் தேர்ந்த பிறகு, அதன் ஆசிரியர் வழிகாட்டியை அச்சிட்டு, ஒவ்வொரு விதியின் அருகிலும் குறியிட்டுப் படியுங்கள். நான் முதல் முறை செய்யத் தவறியது இதுதான். சொல் வரம்பு 8000 என்று படித்தேன். அடிக்குறிப்புகளும் நூற்பட்டியலும் அதில் அடங்கும் என்ற அடுத்த வரியைப் படிக்கவில்லை. என் அடிக்குறிப்புகள் மட்டும் 1900 சொற்கள்.

வழிகாட்டியைப் படிப்பதோடு நின்றுவிடவும் கூடாது. அந்த இதழின் மிக அண்மைய வெளியீட்டிலிருந்து மூன்று கட்டுரைகளை எடுத்து, அவற்றின் அடிக்குறிப்புகளை வழிகாட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வழிகாட்டி எழுதப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். நடைமுறை அதற்குள் மாறியிருக்கலாம். ‘ஹார்வர்டு முறை’ என்று மட்டும் சொல்லும் இதழ்களுக்கு இது இன்றியமையாதது. அந்த முறைக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே கையேடு கிடையாது. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பத்திக்குள் காட்டுவது பொதுவானதே தவிர, காற்புள்ளி எங்கே, ஆண்டுக்கு அடைப்புக்குறி உண்டா, பக்க எண்ணுக்கு முன் என்ன வரும் என்பவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்திருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையும் சிகாகோ முறையும் அப்படியல்ல. அவற்றுக்கு அச்சிட்ட கையேடுகள் உள்ளன, பதிப்பு எண்களும் உள்ளன. ஏபிஏ கையேட்டின் 7 ஆம் பதிப்பு 2019 இல் வந்தது. முந்திய பதிப்பில் கேட்ட பதிப்பக ஊர்ப் பெயரை அது நீக்கிவிட்டது. சிகாகோ கையேட்டின் 17 ஆம் பதிப்பு 2017 இலும் 18 ஆம் பதிப்பு 2024 இலும் வந்தன. எந்தப் பதிப்பு என்று இதழ் சொல்லாவிட்டால் பதிப்பகத்தாருக்கு ஒரு வரி எழுதிக் கேட்பதில் தவறில்லை. நான் கேட்டபோது மறுநாளே பதில் வந்தது.

வரலாற்றுக் கட்டுரைகளுக்கு அடிக்குறிப்பு முறையே பொருந்தும் என்பது என் எண்ணம். ஒரு குறிப்பேட்டின் தேதி, பக்கம், எழுதிய கை, காப்பகத்தின் பெயர் ஆகிய எல்லாவற்றையும் பத்திக்குள் அடைப்புக்குறியில் அடைக்க முயன்றால் வாசிப்பு தடுமாறும். அடிக்குறிப்பு முறையில் முதல் முறை வரும்போது மூலத்தை முழுமையாகவும், அடுத்த முறைகளில் ஆசிரியர் பெயர், சுருக்கிய தலைப்பு, பக்கம் என்று குறுக்கியும் கொடுக்கிறோம். தமிழ் ஆய்வேடுகளில் பழகிய நான், முந்திய குறிப்பில் உள்ள அதே மூலம் என்று காட்ட எல்லா இடத்திலும் ‘மேலது’ என்பதற்கு ஈடான சுருக்கத்தை எழுதியிருந்தேன். பிறகு சொற்களைக் குறைப்பதற்காக நான்காம் பகுதியிலிருந்து ஒரு பத்தியை வெட்டி எடுத்தபோது, அந்தப் பத்தியோடு அதன் இரண்டு அடிக்குறிப்புகளும் போய்விட்டன. அடுத்திருந்த ‘மேலது’ கோயில் குறிப்பேட்டைச் சுட்டுவதை விட்டு, அதற்கு முன் இருந்த கப்பல் பட்டியலைச் சுட்டத் தொடங்கியது. அதாவது, 1920 களில் கோயில் குழு எடுத்த ஒரு முடிவுக்கு 1880 களில் வந்த ஒரு கப்பலின் பயணிகள் பட்டியல் சான்றாக நின்றது. இதைத் தற்செயலாகவே கண்டேன். சிகாகோ 17 ஆம் பதிப்பே ‘மேலது’ வகையைத் தவிர்த்துச் சுருக்கிய தலைப்பைக் கொடுக்கச் சொல்கிறது என்பதை அதன் பிறகுதான் படித்தேன். இதழ் அனுமதித்தாலும் வரைவு நிலையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். பத்திகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சொல் தன் மேல் எது வந்து அமர்கிறதோ அதையே காட்டும்.

இனி, பெயர்கள். தமிழ் மூலங்களை வைத்து எழுதுவோர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும், எந்தக் கையேடும் நமக்கு முழுமையாக உதவாத இடமும் இதுவே.

ஆங்கில முறைகள் எல்லாம் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்பப் பெயர் உண்டு என்று எண்ணிக்கொண்டு, அதை முன்னே தள்ளி, காற்புள்ளி இட்டு, மற்றதைப் பின்னே வைக்கச் சொல்கின்றன. தமிழ்நாட்டில் ஒருவருடைய பெயருக்கு முன் வரும் எழுத்து ஊரையோ தந்தையையோ குறிக்கும். பின்னால் வரும் பிள்ளை, ஐயர், முதலியார் என்பவை குடும்பப் பெயர்கள் அல்ல. டர்பன் அமைந்த நேட்டாலிலோ அதே பட்டங்கள் பதிவேட்டில் ஏறிக் குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன. முதலியார் மூட்லி ஆனதும், கவுண்டர் கோவெண்டர் ஆனதும், தந்தை பெயரே பல வீடுகளில் பேரன் பேத்திகளின் குடும்பப் பெயராக நின்றதும் நாம் அறிந்தவையே. ஆகவே டர்பனில் பிறந்த பிள்ளை ஒருவரை நூற்பட்டியலில் ‘பிள்ளை’ என்பதன் கீழ் வைப்பது சரி. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்த வையாபுரிப்பிள்ளையை அப்படி வைப்பது தவறு. என் முதல் வரைவில் அவரை ‘பிள்ளை’ என்பதன் கீழும், உ.வே. சாமிநாதையரை ‘ஐயர்’ என்பதன் கீழும் மேற்கோள் மென்பொருளே வரிசைப்படுத்தியிருந்தது. நானும் சரிபார்க்காமல் அனுப்பிவிட்டேன். தமிழ் நூலகம் எதிலும் அவர்களை அப்படித் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

வரலாற்று மாந்தர்களின் பெயர்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. சத்தியாகிரகத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்நீத்த பெண்ணைத் தமிழ்நாட்டு நூல்கள் தில்லையாடி வள்ளியம்மை என்று எழுதுகின்றன. இந்த நாட்டு ஆவணங்களில் அவர் வள்ளியம்மா முனுசாமி முதலியார் என்று தந்தை பெயரோடு காணப்படுகிறார். தில்லையாடி என்பது பெற்றோர் வழி வந்த ஊர்ப்பெயர் என்று தெரியாத ஒரு மென்பொருள், வள்ளியம்மை என்பதைக் குடும்பப் பெயராக்கி, தில்லையாடியை முதல் பெயராக்கிவிடும். இரண்டு வடிவங்களையும் முதல் குறிப்பில் ஒருமுறை கொடுத்து, பிறகு ஒன்றையே கையாள்வதுதான் வழி.

இறுதியில் நான் எனக்கென்று வகுத்துக்கொண்ட நெறி இது. தமிழ்நாட்டு ஆசிரியர்களைத் தமது இயற்பெயரின் கீழ், பட்டத்தைப் பிரிக்காமல், தலைப்பெழுத்துகளைப் பின்னே இட்டுக் கொடுத்தேன். தென்னாப்பிரிக்க ஆசிரியர்களை அவர்களே கையாளும் குடும்பப் பெயரின் கீழ் கொடுத்தேன். ஆவணங்களில் வரும் மனிதர்களின் பெயர்களை ஆவணத்தில் உள்ளபடியே எழுதினேன். இந்த மூன்றையும் கட்டுரையின் முதல் அடிக்குறிப்பிலேயே வெளிப்படையாக அறிவித்தேன். மதிப்பீட்டாளர் இருவரில் ஒருவர் அந்த அறிவிப்பைக் குறிப்பிட்டுப் பாராட்டியிருந்தார். பதிப்பகத்தின் மெய்ப்புத் திருத்துநரும் அதைப் பார்த்தபின் எந்தப் பெயரையும் மாற்றவில்லை. ஸொட்டெரோ என்ற மேற்கோள் மென்பொருளைப் பயன்படுத்துவோர், பெயருக்கான இரண்டு கட்டங்களை ஒரே கட்டமாக மாற்றும் வசதி அதில் இருப்பதை அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்ப் பெயர்களை அந்த ஒரே கட்டத்தில் இட்டால் அது பெயரைப் புரட்டாது. மூலத்தின் மொழி தமிழ் என்று மொழிக் கட்டத்தில் குறித்துவிட்டால், தலைப்பின் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் வழக்கத்தையும் அது விட்டுவிடும்.

ஆவணத்தில் உள்ளபடியே என்று மேலே சொன்னதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘டுரூரோ’ என்ற கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல், 1911 இல் ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவருவது நிறுத்தப்படும்வரை, 152184 பேர் இங்கே வந்திறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை பட்டியலில் எழுதப்பட்டன. தமிழ் அறியாத எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் அவை. முனிசாமி மூன்சாமி ஆனார். குப்புசாமி கூப்பூசாமி ஆனார். முதல் வரைவில் நான் இப்பெயர்களையெல்லாம் தமிழ் முறைப்படி ‘திருத்தி’ எழுதியிருந்தேன். நம் பாட்டன்மாரின் பெயர்களை உரிய வடிவில் மீட்டுத் தருகிறோம் என்ற உணர்வோடுதான் அதைச் செய்தேன். ஆனால் அதன் விளைவு என்ன? என் அடிக்குறிப்பைப் பார்த்து ஒருவர் அந்தப் பட்டியலில் தேடினால், நான் எழுதிய பெயர் அங்கே இருக்காது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்ற பழமொழிக்கு நானே சான்றாகியிருப்பேன். ஆவண வடிவம் முதலில், தமிழ் வடிவம் சதுர அடைப்புக்குறிக்குள், ஒப்பந்த எண் தவறாமல் கூடவே என்று மாற்றிக்கொண்டேன். ஒரே பெயரில் பலர் வந்திருக்கிறார்கள். எண் ஒருவருக்கு ஒன்றுதான். பெயர் எவ்வளவு சிதைந்திருந்தாலும், கொள்ளுப் பேரர்கள் தேடிவரும்போது வழிகாட்டப்போவது அந்த எண்ணே.

தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பெயர்க்க, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பின்பற்றிய முறையே தமிழியல் ஆய்விதழ்களில் பெரும்பாலும் எதிர்பார்க்கப்படுகிறது. ல, ள, ழ ஆகிய மூன்றையும், ர, ற ஆகிய இரண்டையும், ந, ன, ண ஆகிய மூன்றையும் குழப்பமின்றி வேறுபடுத்தும் முறை அது. நூல் தலைப்பை இந்த முறையில் பெயர்த்து, அதன் ஆங்கிலப் பொருளைச் சதுர அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்து இல்லாமல் கொடுக்க வேண்டும். பொருளை மட்டும் கொடுத்துத் தலைப்பை விட்டுவிட்டால் அந்த நூலை எவராலும் தேட முடியாது. ஆனால் இம்முறையில் அச்சிடத் தேவையான கீழ்க்கோடிட்ட, கீழ்ப்புள்ளியிட்ட எழுத்துகளை நான் எப்படி உருவாக்கினேன் என்று பாருங்கள்: சாதாரண எழுத்தைத் தட்டி, அதன் கீழ் அடிக்கோடு இட்டேன். பதிப்பகம் கோப்பைத் தன் அமைப்புக்கு மாற்றியபோது அடிக்கோடுகள் எல்லாம் உதிர்ந்தன; ழ எல்லாம் ல ஆகிவிட்டது. அவ்வெழுத்துகள் ஒருங்குறியில் (யூனிகோடில்) தனி எழுத்துகளாகவே உள்ளன. விசைப்பலகை அமைப்பை ஒருமுறை நிறுவிக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் இந்தத் தொல்லை இல்லை.

தமிழ் எழுத்துகள் உடைந்ததற்கும் காரணம் அதே வகையானதே. கோயிலின் பழைய கணினியில் தட்டச்சுச் செய்திருந்த மேற்கோள்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. என் திரையில் அழகிய தமிழாகத் தெரிந்தவை, அந்த எழுத்துரு இல்லாத பதிப்பகத்தின் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. இப்போது எந்தத் தமிழ்ச் சொல்லையும் ஒருங்குறிக்கு மாற்றி, வேறொருவருடைய கணினியில் திறந்து பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

இனி அந்த ஐந்தாவது தவறு. கோயில் குறிப்பேட்டில் கும்பாபிஷேகம் பற்றிய தீர்மானம் ‘துந்துபி வருஷம் தை மாதம்’ என்று தேதியிடப்பட்டிருந்தது. நான் பஞ்சாங்க அட்டவணையைப் பார்த்தேன். துந்துபிக்கு நேராக 1922 என்று இருந்தது. அடிக்குறிப்பில் 1922 என்று எழுதினேன். கட்டுரை திரும்பி வந்த பிறகு, திருத்திய வரைவைக் கோயில் செயலாளருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். எண்பதை நெருங்கும் அவர் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். “நீ 1922 என்று போட்டிருக்கிறாயேம்மா. எங்கள் அப்பா கும்பாபிஷேகத்துக்கு அடுத்த மாதம் பிறந்தவர். அவருடைய பிறப்புச் சான்றிதழில் 1923 என்றுதான் இருக்கிறது” என்றார். அவர் சொன்னதே சரி. துந்துபி ஆண்டு 1922 ஏப்ரல் நடுவில் சித்திரையோடு தொடங்கி 1923 ஏப்ரல் நடுவில் முடிகிறது. எனவே அதன் தை, மாசி, பங்குனி மாதங்கள் 1923 இல் விழுகின்றன. மார்கழியின் பின்பாதியும் அப்படியே. மதிப்பீட்டாளரோ பதிப்பாசிரியரோ கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லாத தவறு அது; அச்சேறியிருந்தால் அந்தக் கோயிலின் வரலாற்றை எழுதும் ஒவ்வொருவரும் என்னைச் சான்று காட்டி 1922 என்றே எழுதியிருப்பார்கள்.

அறுபது ஆண்டுச் சுழற்சி வேறொரு கண்ணியும் வைத்திருக்கிறது. துந்துபி 1862 இலும் தொடங்கியது, 1922 இலும் தொடங்கியது, 1982 இலும் தொடங்கியது. தேதியிடாத ஓர் அழைப்பிதழில் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால், காகிதம், அச்சகத்தின் பெயர், குறிப்பிடப்படும் ஆட்கள் ஆகியவற்றைக் கொண்டு எந்தச் சுற்று என்று நிறுவி, அந்த முடிவுக்கான காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும். இப்போது நான் மூல ஆவணத்தில் உள்ள தமிழ்த் தேதியை அப்படியே எழுதி, என் கணக்கில் வந்த ஆங்கிலத் தேதியைச் சதுர அடைப்புக்குறிக்குள் கொடுக்கிறேன். சதுர அடைப்புக்குறி என்றாலே ‘இது ஆவணத்தில் இல்லை, நான் சேர்த்தது’ என்று ஆய்வுலகம் புரிந்துகொள்ளும். என் கணக்கு தவறினாலும் மூலத் தேதி அங்கே இருப்பதால் அடுத்து வருபவர் திருத்திக்கொள்ளலாம்.

காப்பக ஆவணங்களைச் சுட்டுவதிலும் சில நடைமுறைகள் உண்டு. கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக, காப்பகத்தின் பெயர், தொகுப்பு, பெட்டி அல்லது தொகுதி எண், கோப்பு எண், தாள் எண் ஆகியவற்றை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தச் சீட்டை ஆவணத்தின் ஓரத்தில் வைத்துப் படம் எடுங்கள். சீட்டில்லாமல் எடுத்த நாற்பது படங்களுக்காக நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்கு இரண்டாம் முறை செல்ல நேர்ந்தது. காப்பகங்களின் பெயர்களும் மாறியிருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. பழைய கட்டுரைகள் நேட்டால் ஆவண வைப்பகம் என்று சுட்டுவது, இன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகம் என்று அழைக்கப்படுவதையே. மற்றொருவர் கட்டுரையிலிருந்து ஓர் ஆவணத்தை எடுத்தாண்டால், அந்தக் கட்டுரையைச் சுட்டுங்கள். நீங்களே காப்பகத்தில் பார்த்ததைப் போல எழுதுவது நேர்மையன்று. செய்தித்தாள்களுக்குத் தேதியோடு எந்த மொழிப் பகுதி என்பதையும் சேர்க்க வேண்டும். 1903 இல் டர்பனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. தமிழ், இந்திப் பகுதிகள் 1906 இல் நிறுத்தப்பட்டன. தமிழ்ப் பகுதியிலிருந்து எடுத்த செய்தியை மொழி குறிக்காமல் சுட்டினால், படிப்பவர் ஆங்கிலப் பகுதியில் தேடி, காணாமல், நம்மையே ஐயுறுவார்.

வாய்மொழிச் சான்றுகள் தனி வகை. ஏபிஏ முறையில், பிறர் சென்று கேட்க இயலாத நேர்காணல் நூற்பட்டியலில் இடம்பெறாது. பத்திக்குள் தனிப்பட்ட தகவல் என்று மட்டும் சுட்டப்படும். சிகாகோ முறையில் அடிக்குறிப்பில் வரும். ஒலிப்பதிவைப் பேசியவரின் ஒப்புதலோடு ஒரு காப்பகத்தில் சேர்த்துவிட்டால் அது எவரும் சரிபார்க்கக்கூடிய மூலமாகிவிடும் என்பதால், முடிந்தவரை அதையே செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தின் வழியே எழுதுவோர் நெறிமுறைக் குழுவின் அனுமதியை நேர்காணலுக்கு முன்பே பெற வேண்டும். இதழ் அந்த அனுமதி எண்ணைக் கேட்கும், பின்னால் பெற்றுச் சேர்க்க வழியில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. உயிரோடு இருப்பவர்களின் பெயர், சாதி, முகவரி ஆகியவற்றை ஒப்புதலின்றி அச்சிடக் கூடாது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை வீட்டுக்குள் அழைத்துத் தேநீர் கொடுத்துப் பேசியவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை அது.

எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளர் அறியாதபடி பெயர் மறைத்து அனுப்புவதில் நான் செய்த பிழைகள் எளியவை. ஆனால் பலரும் செய்பவை. தலைப்புப் பக்கத்திலிருந்து என் பெயரை நீக்கியிருந்தேன்; கோப்பின் பண்புகளுக்குள் அது இருந்தது. ‘என் முந்திய ஆய்வில் காட்டியபடி’ என்று எழுதி அடிக்குறிப்பில் என் ஆய்வேட்டைச் சுட்டியிருந்தேன். நன்றியுரையில் கோயில் செயலாளரின் பெயரும் என் துறையின் பெயரும் இருந்தன. நம் தமிழ்ச் சமூகம் சிறியது. அந்தக் கோயிலில் யார் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்பது அறிந்தவர்களுக்குத் தெரியும். எனவே தன் ஆய்வைப் பிறர் ஆய்வைப் போலப் படர்க்கையில் சுட்டி, நன்றியுரையைத் தனிக் கோப்பாக அனுப்பி, பண்புகளை நீக்கிவிட்டு, பெயரைக் கோப்பு முழுவதும் தேடிப் பார்த்து அனுப்ப வேண்டும்.

சிறு விதிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நீண்ட மேற்கோளைத் தனிப்பத்தியாக உள்தள்ளுவதற்கு ஏபிஏ 40 சொற்களை எல்லையாகக் கொள்கிறது. சிகாகோ ஏறத்தாழ 100 சொற்களைக் கொள்கிறது. நம் நாட்டு இதழ்கள் பெரும்பாலும் பிரித்தானிய எழுத்துக்கூட்டலைக் கேட்பதால், கணினியின் சரிபார்ப்பு மொழியை முதலிலேயே மாற்றிவிடுங்கள். மின்வடிவக் கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண் இருந்தால் அதை முழு இணைப்பாகக் கொடுங்கள். அது எப்போதும் 10 என்ற எண்ணில் தொடங்கும். ஆசிரியருக்குரிய 16 இலக்க ஆர்கிட் எண்ணை இலவசமாகப் பெறலாம். பெயரைப் பலவாறு எழுத நேரும் தமிழர்களுக்கு அது உண்மையிலேயே பெரிய உதவி. எந்த எழுத்துக்கூட்டலில் அச்சானாலும் கட்டுரை நமக்கே வந்து சேரும்.

இரண்டாம் இதழின் மதிப்பீடுகள் ஏழு மாதம் கழித்து வந்தன. ஒவ்வொரு கருத்தையும் ஒரு கட்டத்திலும், என் பதிலை அடுத்த கட்டத்திலும், திருத்திய பக்க எண்ணை மூன்றாவதிலும் இட்டு ஓர் அட்டவணை அனுப்பினேன். மறுத்த இடங்களில் காரணத்தைப் பணிவாக எழுதினேன். ஒப்பந்த எண்களை எடுத்துவிட்டால் படிக்க எளிதாக இருக்கும் என்று ஒருவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஏன் அவை வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதினேன். பதிப்பாசிரியர் அதை ஏற்றுக்கொண்டார்.

மெய்ப்பு வந்தபோது திருத்த மூன்று நாள் மட்டுமே கொடுத்தார்கள். பெயர்களையும் தேதிகளையும் செயலாளர் உரக்கப் படிக்க, நான் குறிப்பேட்டின் படங்களோடு ஒப்பிட்டேன். தமிழ்த் தேதிகளை முழுவதும் பார்த்தோம். அச்சில் வந்த பிறகுதான் 31 ஆம் அடிக்குறிப்பில் ஒரு தாள் எண் 68 என்பதற்குப் பதில் 86 என்று மாறியிருப்பதைக் கண்டேன். அது நான் அனுப்பிய கோப்பிலேயே இருந்த பிழை. பதிப்பாசிரியருக்கு எழுதினேன். அடுத்த வெளியீட்டில் ஒரு பத்தியளவில் திருத்த அறிவிப்பு வந்தது. அதற்கும் தனியாக ஒரு டிஓஐ எண் கொடுத்து, கட்டுரையின் மின்வடிவத்தோடு இணைத்திருக்கிறார்கள். அதன் அச்சுப்படி ஒன்றைச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் அதைக் குறிப்பேட்டின் 68 ஆம் தாளுக்குள் வைத்திருக்கிறார்.